தாம்பரம் டு டெல்லி... கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு காம்பவுண்ட் சுவர்த் தகராறு புதிதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போட்டு, சம்மன் வீடு தேடி வந்தால் என்ன செய்வீர்கள்? பயந்துபோய் வாங்க மறுப்பதுதான் பெரிய ஆபத்து. மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஆஜராகாவிட்டால், எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் வைத்து 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு வரலாம். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் அவகாசம். வராததற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும்.

சிவில் கேஸ் எங்கே நடக்கும்?

சொத்து, கடன், ஒப்பந்தத் தகராறுகள் எல்லாம் சிவில். வழக்கின் மதிப்பைப் பொறுத்து மாவட்ட முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று போகும். முதல் இரண்டும் தாம்பரத்திலேயே இருக்கின்றன. முதன்மை மாவட்ட நீதிமன்றத்துக்கு செங்கல்பட்டு போக வேண்டும். 2022-ல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் வந்துவிட்டாலும், கோர்ட் கணக்கில் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம்தான்.

போலீஸ் கைது செய்தால்?

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தியாக வேண்டும். இது அரசியல் சாசனம் தரும் உரிமை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகபட்சம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கலாம். கொலை போன்ற வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். அங்கே தூக்குத் தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்த பிறகே செல்லும்.

நீதிபதிகளை யார் தேர்வு செய்கிறார்கள்?

முன்சீப், மாஜிஸ்திரேட் பொறுப்புக்கு வரும் சிவில் நீதிபதிகளை டி.என்.பி.எஸ்.சி தேர்வு வழியே எடுக்கிறார்கள். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை, மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஓய்வு வயது முறையே 62, 65.

தீர்ப்பு பிடிக்கவில்லையா?

மேல்முறையீடு செய்யலாம். கீழ்க்கோர்ட்டிலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக பொதுவாக 30 நாள் கெடு. பிறகு, 1862-ல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றம். கடைசியாக டெல்லி உச்ச நீதிமன்றம். ஆனால், மேலே போகப் போக சாட்சிகளை மறுபடி விசாரிக்க மாட்டார்கள். சட்டக் கேள்விகளுக்கே முக்கியத்துவம். அதனால் ரசீது, பத்திரம், சாட்சி எல்லாவற்றையும் முதல் கோர்ட்டிலேயே சரியாகக் கொடுப்பது அவசியம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

சம்மன் கைக்கு வந்ததும் அதிலுள்ள கோர்ட் பெயர், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கான 16 இலக்க சி.என்.ஆர் எண் தெரிந்தால், 'இ-கோர்ட்ஸ்' செயலியில் அடுத்த வாய்தா தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.