நக்கிள்ஸ் காட்டுக்கும் கண்டிக் காட்டுக்கும் நடுவே ஒரு வழி

இலங்கையின் கண்டி மாவட்டத்து வத்தேகமவிலிருந்து பன்வில பாதையில் ஏறினால் காடு துண்டு துண்டாகத் தெரியும். மலையுச்சியில் கொஞ்சம், ஓடைக்கரையில் கொஞ்சம், தேயிலை நட முடியாத செங்குத்துச் சரிவில் கொஞ்சம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். தெற்கே மகாவலியைக் கடந்தால் கண்டி நகரம் சூழ்ந்து நிற்கும் உடவத்தகலே வனம். அதன் பரப்பு 104 ஹெக்டேயர் மட்டுமே. இவற்றை மறுபடி இணைக்கும் வழியைத்தான் வனவிலங்கு வழித்தடம் என்கிறோம்.

காடு எப்படி அறுபட்டது?

1830களில் இருந்து கோப்பிக்காகக் கண்டி மலைகளின் காடு வெட்டப்பட்டது. இலைநோயில் கோப்பி அழிந்ததும் அந்த நிலத்தில் தேயிலை வந்தது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை அடுத்து, 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள அரச காட்டை விற்பது நிறுத்தப்பட்டது. அதனால் உச்சிக் காடு தப்பியது. அதற்குக் கீழே, சிகரங்களை ஒன்றோடொன்று இணைத்த காடு போய்விட்டது.

இணைப்பு ஏன் வேண்டும்?

வளர்ந்த ஆண் சிறுத்தைக் குட்டி தாயின் எல்லையை விட்டுத் தனக்கென ஓர் இடம் தேடிப் போகும். போக வழியில்லாத சின்னக் காட்டில் உறவுக்குள்ளேயே இனம் பெருகி வலுவிழக்கும். தேவாங்கு மரக்கிளை வழியே நடமாடும் பிராணி. கிளை தொடாத இடம் அதற்கு ஆபத்தான இடம். நக்கிள்ஸில் மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணானுக்கு ஈரமும் நிழலும் வேண்டும். ஆகவே எந்த உயிருக்கான வழி என்பதைத் திட்டமிடுபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் போதுமா?

நக்கிள்ஸ் 2007இலும் கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானை மலை 2010இலும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. நக்கிள்ஸ் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. காட்டு வழித்தடங்களைப் பிரகடனப்படுத்த நாட்டின் வனவிலங்குச் சட்டத்தில் இடமுண்டு. யானைகளுக்கான கவுடுல்ல–மின்னேரிய வழித்தடம் அப்படி வந்ததே. ஆனால் வத்தேகமவைச் சுற்றியுள்ள நிலம் தோட்டக் கம்பனிகளிடமும் சிறு உரிமையாளர்களிடமும் பிரிந்து கிடக்கிறது. வர்த்தமானி அறிவித்தல் மட்டும் இங்கே பலன் தராது, உடன்பாடு வேண்டும்.

வழி எங்கே போகும்?

ஓடைகள்தான் முதல் வழி. நக்கிள்ஸில் பிறந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேரும் ஹுலு கங்கையும் அதன் கிளைகளும் மலையையும் பள்ளத்தாக்கையும் ஏற்கெனவே இணைக்கின்றன. கரையோரம் இயல் மரங்களை வளர விட்டால் மண்ணரிப்பும் குறையும். அடுத்தது கைவிடப்பட்ட தேயிலை நிலம். மூன்றாவது, கண்டியின் வீட்டுத்தோட்டம். பலா, கித்துள், கமுகு, கராம்பு, சாதிக்காய், அவற்றில் படரும் மிளகு என அடுக்கடுக்காக வளரும் இந்தத் தோட்டங்கள் மரம் தாவும் உயிர்களுக்கு இப்போதே பாதைதான். வீதி குறுக்கிடும் இடத்தில் கயிற்றுப் பாலம் கட்டலாம். தமிழ்நாட்டின் வால்பாறையில், தேயிலைக்கு நடுவே சிக்கிய சோலைமந்திகளுக்கு இப்படிப் பாலம் கட்டப்பட்டது; காட்டுத் துண்டுகளில் இயல் மரங்களும் நடப்பட்டன.

லயத்து மக்களுக்கு என்ன?

“குரங்கும் பன்றியும் ஏற்கெனவே தோட்டத்தை அழிக்குது, இன்னும் கூட்டி வரணுமா?” என்று லயங்களில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. விலங்குகள் இப்போதும் நடமாடுகின்றன. ஒதுங்க இடமில்லாததால் தேயிலைக்குள்ளும் லயத்துக்குப் பக்கத்திலும் வருகின்றன. நல்ல திட்டம் அந்த நடமாட்டத்தை வீடுகளுக்கும் கொழுந்து மலைக்கும் விலக்கி ஓடைப் பக்கம் திருப்பும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடும் விரைவாகக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கம்பிக் கண்ணிதான் பதிலாகும். 2020இல் நல்லதண்ணிப் பகுதித் தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்ட பிறகும் சில நாட்களில் இறந்தது.

தோட்டக் காணி துண்டாடப்பட்டுக் கட்டடம் எழுந்த பிறகு வழி தேடுவது வீண். பிரதேச செயலகம், வனப் பாதுகாப்பு மற்றும் வனசீவராசிகள் திணைக்களங்கள், தோட்ட நிர்வாகங்கள், தொழிலாளர்கள் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து, ஓடைக்கரைகளையும் மீதமிருக்கும் காட்டுத் துண்டுகளையும் காணிப் பயன்பாட்டு வரைபடத்தில் இப்போதே குறிக்க வேண்டும். மலையை நாள்தோறும் நடந்து பார்க்கும் தொழிலாளருக்கு அந்த மேசையில் முதல் நாற்காலி தரப்பட வேண்டும்.