தாய்மொழியில் வானியல்: கேரள எல்லைத் தமிழ் மாணவர்களுக்குக் கைகூடுமா?

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில், களியக்காவிளையை அடுத்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இக்குடும்பங்களின் பிள்ளைகள் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய பெருங்கோள்களைப் பற்றி உயர்நிலைப் பள்ளியில் எந்த மொழியில் பயில்கிறார்கள் என்பது அறிவியல் பாடத்தோடு முடிந்துவிடும் கேள்வியன்று. மொழிச் சிறுபான்மையினரின் கல்வி உரிமையோடும் அது பிணைந்துள்ளது.

தொடக்கப் பள்ளியோடு நிற்கும் உறுதி

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதே ஆண்டு, அரசியல் சாசனத்தின் ஏழாவது திருத்தத்தின் மூலம் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் பயில மாநிலங்கள் வசதி செய்து தர முயல வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால், அந்த உறுதி தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. வானியலின் ஆழமான பாடங்களோ அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்; தமிழ்வழிப் பாடநூல்களும் வெளியிடப்படுகின்றன. 2017-ல் இயற்றப்பட்ட சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது தேவையே. அதனால் அறிவியலைத் தாய்மொழியில் புரிந்துகொள்ளும் வாய்ப்புக் குறைந்துவிடக் கூடாது என்பதே கவனிக்க வேண்டியது.

கோளும் கிரஹமும்

தமிழில் கோள், துணைக்கோள், சூரியக் குடும்பம் எனப்படுபவை மலையாளத்தில் கிரஹம், உபகிரஹம், சௌரயூதம் ஆகின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியும் வியாழனும் சனியும் இரு மொழியிலும் கிழமைகளுக்குப் பெயர் தந்தவை. தொலைநோக்கியின் காலத்தில், 1781-ல் அறியப்பட்ட யுரேனசும் 1846-ல் அறியப்பட்ட நெப்டியூனும் இரு மொழியிலும் ஒரே பெயரில் வழங்குகின்றன.

சொற்களைவிடக் கருத்துகளே கடினமானவை. வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை. கால் ஊன்றி நிற்க அங்கே திடமான தரை இல்லை. யுரேனசும் நெப்டியூனும் "பனிக்கோள்கள்" எனப்படுகின்றன. மார்கழிப் பனியை மட்டுமே அறிந்த மாணவன் இச்சொல்லைக் கேட்டு உறைந்த உருண்டையைத்தான் கற்பனை செய்வான். உண்மையில் அவற்றின் உள்ளே இருப்பவை நீர், அம்மோனியா, மீத்தேன் ஆகியவை கலந்த, வெப்பமும் அழுத்தமும் மிகுந்த அடர்ந்த பாய்மம். இத்தகைய நுட்பத்தை விளக்கவும், மாணவன் தயங்காமல் திருப்பிக் கேட்கவும் தாய்மொழியே ஏற்றது.

சாலையே ஆய்வுக்கூடம்

இப்பாடத்துக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவை 100 மீட்டராகச் சுருக்கினால், பள்ளி வாசலில் நிறுத்தப்படும் சூரியனின் குறுக்களவு 93 செ.மீ. ஆகும். 100 மீட்டர் தொலைவில் பூமி ஒரு பட்டாணி அளவே இருக்கும். வியாழன் 520 மீட்டரில், சுமார் 9.5 செ.மீ. அளவுள்ள சாத்துக்குடி. சனி 960 மீட்டரில், சற்றே சிறிய ஆரஞ்சு. யுரேனஸ் 1.9 கிலோ மீட்டரிலும் நெப்டியூன் 3 கிலோ மீட்டரிலும் ஆளுக்கொரு சிறு எலுமிச்சை. இத்தொலைவை நடந்து கடக்கும் மாணவனுக்கு, புத்தகத்தில் ஒரே பக்கத்தில் நெருக்கி வரையப்பட்ட படம் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது விளங்கும்.

மாறிவரும் பாடம்

இத்துறையில் பாடநூல்கள் விரைவில் பழையதாகிவிடுகின்றன. 2006-ல் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 128 புதிய துணைக்கோள்கள் ஏற்கப்பட்டதையடுத்து, சனியின் துணைக்கோள்கள் 274 ஆயின. இச்செய்திகள் ஆங்கிலத்தில் உடனுக்குடன் கிடைக்கின்றன. தமிழ்வழி ஆசிரியருக்கும் அவ்வாறே கிடைக்க வழி காணப்பட வேண்டும்.

வானியல் இம்மண்ணுக்குப் புதியதன்று. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வகத்தை நிறுவினார். நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையின் உச்சியில், 1855-ல் அதன் இயக்குநர் ஜான் ஆலன் புரோன் காந்தப்புல ஆய்வு நிலையம் அமைத்தார். தமிழகத்தின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகமும் இவ்வரிசையில் இடம்பெறுகிறது. 1977 மார்ச் 10-ம் தேதி, விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைத்துச் சென்ற நிகழ்வே அக்கோளின் வளையங்களைக் காட்டிக்கொடுத்தது. காவலூரில் அந்நிகழ்வைப் பதிவு செய்தவர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஆவர்.

தமிழகமும் கேரளமும் தத்தம் தமிழ்வழி அறிவியல் நூல்களையும் கலைச்சொற்களையும் ஆசிரியர் பயிற்சியையும் பகிர்ந்துகொண்டால், எல்லைக் கிராம மாணவர்கள் பயன்பெறுவர். தொடக்கப் பள்ளியோடு நிற்கும் சாசன உறுதியை உயர்நிலைப் பள்ளிக்கும் விரிவாக்குவதைப் பற்றி மத்திய அரசும் சிந்திக்க வேண்டும்.