முன்பாரம், பின்பாரம்: பிக்கப் வண்டியில் சின்ன டிரெய்லர் இழுப்பது பற்றி

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம், கூவத்தூர் வழியாகக் கடப்பாக்கம் வரைக்கும் ஈசிஆரில் போய்ப் பாருங்கள். குட்டியானைக்குப் பின்னால் கான்கிரீட் கலவை மிஷின் ஆடிக்கொண்டே வரும். கல்யாண சீசனில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஜெனரேட்டர் வரும். தண்ணீர் டேங்கர், சில நாள் ரிப்பேருக்குப் போகும் ஃபைபர் படகு என்று இன்னும் சில. எல்லாமே இரண்டு சக்கரம், ஒரு கொக்கி. வாடகைக்கு விடுபவர்கள், மேஸ்திரிகள், மீனவர்கள் என்று இதை இழுப்பவர்கள் பலர். ஆனால் டிரெய்லர் இழுப்பதற்கென்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பழகுவதுதான்.

பழக்கம் முக்கால்வாசி நேரம் காப்பாற்றிவிடும். மிச்ச கால்வாசியில் அடிபடுவது பெரும்பாலும் ஓட்டுபவர் அல்ல. கொக்கி கழன்றால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் பாயும், அல்லது பின்னால் பைக்கில் வருபவர் மேல் போகும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்தது

பாரம் ஏற்றும் வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல் வைத்திருந்தார்கள். சரக்கு அச்சுக்கு முன்னால் அதிகமானால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னால் அதிகமானால் பின்பாரம். ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும், மாடு காலை ஊன்ற முடியாமல் தவிக்கும். நல்ல வண்டிக்காரர் மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தில் லேசாகப் பாரம் இருக்கிற மாதிரி வைப்பார்.

டிரெய்லருக்கும் இதே கணக்குதான். மாடு இருந்தால் தப்பாக ஏற்றியதை உடனே காட்டிவிடும். பிக்கப் வண்டி காட்டாது. 30 கி.மீ. வேகத்தில் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும். 60ஐத் தொடும்போதுதான் தெரியும்.

டிரெய்லரின் டிராபார் கொக்கியை எவ்வளவு எடையோடு அழுத்துகிறது என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பாவில் கார் இழுக்கும் டிரெய்லருக்கு இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். எது எப்படியோ, பூஜ்ஜியம் கூடாது. பின்பாரம் கூடவே கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சரக்கோடு சேர்த்து 800 கிலோ டிரெய்லர் என்றால் கொக்கியில் 80 முதல் 120 கிலோ.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மீன் ஏலம் விடும் இடத்திலோ அரிசிக் கடையிலோ இருக்கும் எலக்ட்ரானிக் தராசு போதும். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டை வைத்து டிராபார் முனையை அதில் இறக்குங்கள். கொக்கி இருக்கும் அதே உயரத்தில் முனை இருக்க வேண்டும், அவ்ளோதான். மொத்த எடையை எடை மேடையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் சதவீதம் கிடைத்துவிடும்.

கொக்கியில் விழும் எடை பிக்கப் வண்டியின் பாரக் கணக்கில் சேரும். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதன் பாரத்திறன் 750 கிலோ. அந்த அளவு வண்டியில் 700 கிலோ சிமெண்ட் ஏற்றிவிட்டு, பின்னால் 100 கிலோ அழுத்தும் டிரெய்லரையும் மாட்டினால் கணக்கு தாண்டிவிட்டது. வண்டியின் பின்பக்கம் தாழும், முன்சக்கரம் இலகுவாகும், ஸ்டியரிங் 'லூசான' மாதிரி இருக்கும். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

டிரெய்லர் என்பது கொக்கியில் மாட்டிய ஊஞ்சல் மாதிரி. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் போய்த் திரும்பும். குறைந்த வேகத்தில் டயர்களின் பிடிமானம் இந்த ஆட்டத்தை இரண்டு மூன்று சுற்றில் அடக்கிவிடும். வேகம் கூடக் கூட அடக்கும் சக்தி குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் எது என்பது பாரம் வைத்த விதத்தைப் பொறுத்தது. பின்பாரம் என்றால் அது ரொம்பக் கீழே வந்துவிடும்.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. முன்னும் பின்னும் சமமாக வைத்தேன், கொக்கி எடையும் சரியாக இருக்கிறது என்றால் போதுமா? போதாது. காவடித் தண்டின் இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். திருப்பவும் கஷ்டம், திரும்பியதை நிறுத்தவும் கஷ்டம். அதே குடங்களைத் தோளுக்குப் பக்கத்தில் கட்டினால் சுலபம். எடை ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் காரவன் இழுப்பதை ஆராய்ந்தபோதும், பாரம் எங்கே இருக்கிறது என்பதே நிலைத்தன்மையைப் பெரிதாகத் தீர்மானிப்பதைக் கண்டார்கள். ஆகவே கனமானதை அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்னால், தாழ்வாக வையுங்கள். முனைகளில் லேசானதை வையுங்கள்.

படகு இழுப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எஞ்சின் இருப்பது படகின் பின்பக்கம். அதைக் கழற்றாமல் இழுத்தால் கனம் எல்லாம் வால் முனையில். கழற்றிப் பிக்கப் வண்டியின் தொட்டியில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. படகுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரையும் இறைத்துவிட வேண்டும். தண்ணீர் டேங்கருக்கு வேறு விதி: நிறைய நிரப்புங்கள், அல்லது காலியாகக் கொண்டுபோங்கள். பாதி டேங்க்தான் ஆபத்து. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடும், கிளம்பினால் பின்னால் ஓடும். அதாவது ஓடும்போதே முன்பாரம் பின்பாரமாக மாறிக்கொண்டிருக்கும். டேங்கருக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான்.

சரி, ஓட்டும்போது டிரெய்லர் ஆட ஆரம்பித்துவிட்டது. கடற்காற்று ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம், முந்திப் போன பஸ்ஸின் காற்று இழுத்திருக்கலாம். என்ன செய்வது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நம் கை எப்போதும் அரை நொடி தாமதம், அது ஆட்டத்தைக் கூட்டும். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். வண்டி நிற்கப் பார்க்கும், பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், இரண்டும் பேனாக்கத்தி மாதிரி மடங்கிவிடும். வேகம் தானாகக் குறைந்ததும் ஓரங்கட்டி, பாரத்தை மாற்றி வைத்த பிறகுதான் கிளம்ப வேண்டும். 'இனி மெதுவா போயிடலாம்' என்று அப்படியே கிளம்புவது சரியல்ல.

நிற்க எவ்வளவு தூரம்?

நம் ஊர்ச் சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. அப்படியானால் பிக்கப் வண்டியின் பிரேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போடலாம். சரக்கோடு 2,000 கிலோ பிக்கப், பின்னால் 1,000 கிலோ டிரெய்லர். அதே பிரேக் விசை ஒன்றரை மடங்கு எடையை நிறுத்த வேண்டும்.

தனி வண்டி 60 கி.மீ. வேகத்தில் நன்றாகப் பிரேக் பிடித்தால் சுமார் 23 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரோடு அது 35 மீட்டர் ஆகும். ஆபத்தைப் பார்த்து காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி; அதற்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருக்கும். ஆக 40 மீட்டருக்குப் பதில் 52 மீட்டர். வித்தியாசம் ஒரு அரசு பஸ்ஸின் நீளம். சாலையோரக் கடையிலிருந்து ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் அந்த ஒரு பஸ் நீளம்தான் எல்லாமே.

இதே டிரெய்லரோடு 40 கி.மீ. வேகத்தில் போனால்? எல்லாம் சேர்த்து 27 மீட்டருக்குள் நின்றுவிடலாம். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வேகத்தைக் குறைப்பதுதான் பிரேக். கலவை மிஷினுக்கு இதுவும் அதிகம். பெரும்பாலும் அதற்கு ஸ்பிரிங் கிடையாது, சக்கரம் சின்னது, டிரம் உயரத்தில் இருக்கும்; வேலை நடக்கும் இடத்துக்குள் நகர்த்தச் செய்த பொருள் அது. தூரமாகக் கொண்டுபோக வேண்டும் என்றால் லாரியில் ஏற்றிப் போவதே உத்தமம்.

கொக்கி, பின், சங்கிலி

அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்பது நமக்குப் பழகிய பேச்சு. ஆனால் எத்தனையோ டிரெய்லர்களில் அந்த ஆணியின் இடத்தில் வெட்டிய கான்கிரீட் கம்பித் துண்டுதான் இருக்கிறது! அது கலவைக்குள் கிடப்பதற்கான கம்பி. வெட்டி வெட்டி இழுக்கும் விசைக்கு வளையும், தேயும். துளைக்குச் சரியான தடிமனில் நல்ல எஃகுப் பின், அதன் அடியில் வேகத்தடையில் துள்ளினாலும் வெளியே வராதபடி ஒரு லாக் பின். கட்டுக்கம்பி சுற்றுவது லாக் ஆகாது. பந்து வடிவக் கொக்கி என்றால் பந்தின் அளவும் மேலே மாட்டும் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய கிண்ணம் சின்னப் பந்தில் மாட்டின மாதிரியே தெரியும், ஒரு பள்ளத்தில் கழன்றுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் கழன்றால்? அதற்குத்தான் பாதுகாப்புச் சங்கிலி. இரண்டு சங்கிலி வேண்டும். இடது பக்கத்தது வலப்பக்கமும், வலது பக்கத்தது இடப்பக்கமுமாக, டிராபாருக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட வேண்டும். கொக்கி விட்டுப்போனால் டிராபார் அந்தத் தொட்டில் மேல் விழும். தார் ரோட்டில் குத்தி டிரெய்லர் குட்டிக்கரணம் போடாது. வளைவில் திரும்ப இடம் கொடுக்கும் அளவுக்குத் தொய்வு, ஆனால் தரையில் உரசக் கூடாது. சங்கிலியை வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள். பம்பரிலோ, கழலக்கூடிய அதே கொக்கியிலோ மாட்டிப் பயனில்லை. கயிறு சங்கிலி ஆகாது.

உப்புக் காற்றின் வேலை

ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கழிமுகத்தில் படகை இறக்க டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். ஓடி வந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். சட்டென்று தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும், ஒருநாள் ஓடும்போதே இறுகிவிடும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கிரீஸ் அடிக்கடி மாற்றுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி இரண்டு சக்கர நடுவையும் கையால் தொட்டுப் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே கோளாறு.

உப்பு அடுத்து தின்பது ஒயரை. பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுக்குவது, எல்லா பல்பும் மங்கலாக எரிவது எல்லாம் பெரும்பாலும் எர்த் ஒயர் துருப்பிடித்ததன் அறிகுறி. விளக்கு எரியாத டிரெய்லரை இருட்டில் இழுப்பது, கொக்கி கழல்வதைவிட அதிகம் நடக்கக்கூடிய ஆபத்து. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கராவது பளிச்சென்று இருக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர் தனி வாகனம். 61ஆம் பிரிவின்படி அதற்குரிய பதிவு எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். 122ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி வண்டியையோ டிரெய்லரையோ பொது இடத்தில் நிறுத்துவதைத் தடுக்கிறது. தர்பூசணி சீசனில் ரோட்டோரம் கழற்றிவிட்ட டிரெய்லர் ராத்திரி முழுக்க விளக்கில்லாமல் நிற்பது இதில் வரும். அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் எடுத்துப் பாருங்கள். விபத்துக்குப் பிறகு பார்ப்பதில் பயனில்லை.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

பின்னும் லாக் பின்னும் இருக்கிறதா. சங்கிலி இரண்டும் குறுக்கே இருக்கிறதா. டயர் காற்று, பக்கவாட்டு வெடிப்பு, வீல் நட்டு. பிரேக் லைட், இண்டிகேட்டரை ஒருவர் பின்னால் நின்று பார்ப்பது. கயிறு கட்டியதை ஐந்து கிலோமீட்டர் போனதும் மறுபடி இறுக்குவது. டிரெய்லர் மேலோ டிராபார் மேலோ ஆள் உட்காரக் கூடாது, ஒரு தெரு தூரமானாலும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வையுங்கள். கை போகும் பக்கமே டிரெய்லர் போகும். நீளம் குறைந்த டிரெய்லர் சட்டென்று மடங்கும், எனவே அங்குலம் அங்குலமாக. கோணல் ஆனால் முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி முயல்வதில் வெட்கமே இல்லை.

இரண்டு சங்கிலி, ஒரு லாக் பின், ஒரு முழம் சிவப்பு ஸ்டிக்கர். டிரெய்லரை வாடகைக்கு விடுபவரே இவற்றை அதிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டால், எடுத்துப் போகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கப் போனால் முதலில் அதைக் கேளுங்கள்: "அண்ணே, சங்கிலி இருக்கா?"