ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவழி ஹைட்ரஜன் உற்பத்தி: வாய்ப்பும் வரம்பும்

முன்னுரை

எரிபொருள் கலத்தில் பயன்படும் ஹைட்ரஜன் நீரை மட்டுமே கழிவாக விடுகிறது. எனினும், இன்று உற்பத்தியாகும் ஹைட்ரஜனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. அதாவது, அதன் தூய்மை பயன்பாட்டில் உள்ளது, பிறப்பில் இல்லை. இக்குறையைக் களையக்கூடிய வழிகளுள் ஒன்றாகிய ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவின் செயல்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்டுபிடிப்பு

1949ஆம் ஆண்டில் ஹோவர்ட் கெஸ்ட், மார்ட்டின் கேமன் ஆகிய இருவரும், ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்னும் ஊதாநிறப் பாக்டீரியா ஒளியில் ஹைட்ரஜனை வெளியிடுவதை அறிவித்தனர். நைட்ரஜன் வாயுவோ அம்மோனியம் உப்போ இருப்பின் அவ்வெளியீடு தடைப்பட்டது. இத்தடையே, அப்பாக்டீரியா நைட்ரஜனை நிலைப்படுத்த வல்லது என்பதை உணர்த்தியது.

வினைமுறை

தாவரங்களைப் போல இப்பாக்டீரியா நீரைப் பிளப்பதில்லை. கரிம அமிலங்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெறுகிறது. எனவே ஆக்சிஜன் வெளிப்படுவதில்லை. ஹைட்ரஜனை உருவாக்கும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜனால் சிதையக்கூடியது என்பதால் இஃது ஒரு நற்பேறாகும். நைட்ரஜன் கிடைக்காதபோது அந்நொதி எலக்ட்ரான்களைப் புரோட்டான்களுக்கு அளித்து ஹைட்ரஜனை உருவாக்குகிறது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 4 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. அவற்றை ஒளியாற்றல் ஈடுசெய்கிறது.

இருளில் நிகழும் நொதித்தலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு அதிக அளவாக 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் 2 அசிட்டேட் மூலக்கூறுகளையும் தருகிறது. ஒவ்வோர் அசிட்டேட்டிலிருந்தும் ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியா மேலும் 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகளைப் பெற இயலும். இவ்விரு படிகளும் இணைந்தால் கோட்பாட்டளவில் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிட்டும்.

தடைகள்

நடைமுறை விளைச்சல் இவ்வளவை எட்டுவதில்லை. கழிவுநீரிலுள்ள அம்மோனியம் நைட்ரஜனேஸ் உருவாவதைத் தடுக்கிறது. உருவான ஹைட்ரஜனின் ஒரு பகுதியைப் பாக்டீரியாவின் மற்றொரு நொதியே மீள உட்கொள்கிறது. அந்நொதிக்குரிய மரபணுவை நீக்கி இவ்விழப்பைக் குறைக்கலாம். மூன்றாவது தடை ஒளி சார்ந்தது. வளர்கலத்தின் மேலடுக்கு தன் தேவைக்கு மிஞ்சிய ஒளியை உறிஞ்சி வெப்பமாக வீணாக்க, கீழடுக்கு இருளில் கிடக்கிறது. தடிமன் குறைந்த கலங்கள் இதனைத் தணிக்கும். ஆயின் அவற்றுக்குப் பரந்த நிலப்பரப்பு தேவை.

முடிவுரை

பாக்டீரியாவைப் பொறுத்தவரை ஹைட்ரஜன் வெளியீடு மிகுதி எலக்ட்ரான்களை வெளியேற்றும் வடிகாலே. எரிபொருள் ஆக்கம் அதன் நோக்கமன்று. ஆகவே விளைச்சலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இம்முறை பிற முறைகளுக்குப் பின்தங்கியே தோன்றும். கரிமம் மிகுந்து நைட்ரஜன் குறைந்த ஆலைக் கழிவுநீரை எவ்வாறாயினும் சுத்திகரித்தே ஆகவேண்டிய இடங்களில், சுத்திகரிப்பும் எரிபொருளும் ஒருங்கே கிட்டும். இம்முறையை மதிப்பிடுவதற்குரிய களம் அதுவே.