ஃபோர்க்லிஃப்ட் வண்டியும் ஓட்டுநர் பயிற்சியும்

பண்டகசாலைகளிலும் துறைமுகங்களிலும் இரண்டு இரும்புக் கவைகளை முன்னே நீட்டிக்கொண்டு ஓடும் சிறு வண்டியைப் பலரும் கண்டிருப்பர். ஃபோர்க்லிஃப்ட் எனப்படும் இவ்வண்டியை, மோட்டார் ஓட்டத் தெரிந்தவர் எவரும் ஓட்டிவிடலாம் என்று கருதுவது பெருந்தவறு. மோட்டாரில் முன்சக்கரங்கள் திரும்பும். இதிலோ பின்சக்கரங்கள் திரும்புகின்றன. ஆதலின் திருப்பங்களில் வண்டியின் பின்பாகம் வெளிப்புறமாக வீசும். அருகே நிற்பவர் சுவருக்கும் வண்டிக்கும் இடையில் அகப்பட்டு நசுங்க நேரும்.

இவ்வண்டி ஒரு நெம்புகோலே. முன் அச்சு அதன் ஆதாரம். முன்னே சுமை, பின்னே எதிரெடை. வண்டியின் தகட்டில், கவையின் நிமிர்ந்த முகத்திலிருந்து 500 மி.மீ. தொலைவில் மையங்கொண்ட 2,000 கிலோகிராம் சுமையைத் தூக்கலாம் என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். அம்முகம் முன் அச்சிலிருந்து 400 மி.மீ. முன்னே இருப்பின், சுமையின் மையம் அச்சுக்கு 900 மி.மீ. அப்பால் அமைகிறது. நீண்ட பெட்டி ஒன்றின் மையம் 700 மி.மீ. தள்ளியிருந்தால் மொத்தத் தொலைவு 1,100 மி.மீ. ஆகும், தூக்கத்தக்க எடை ஏறத்தாழ 1,636 கிலோகிராமாகக் குறைந்துவிடும். மேசை விளிம்பில் ஓர் அளவுகோலை வைத்து ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். தொழிற்கூடத்திலோ, கணக்கை நம்பாது தயாரிப்பாளர் தரும் அட்டவணையையே பின்பற்றல் வேண்டும்.

பக்கவாட்டில் கவிழ்வது வேறு வகை. பின் அச்சு நடுவில் ஒரே முளையில் அசையுமாறு பொருந்தியிருப்பதால், நான்கு சக்கரங்கள் இருப்பினும் வண்டி ஒரு முக்கோணத்தின்மேலேயே நிற்கிறது. இரு முன்சக்கரங்களும் பின் அச்சின் நடுவும் அதன் முனைகளாம். சுமையற்ற வண்டி அபாயமற்றது என்பது பலர் நம்பிக்கை. ஆனால் சுமை நீங்கியதும் ஈர்ப்பு மையம் முக்கோணத்தின் குறுகிய பின்முனையை நோக்கி நகர்கிறது. விரைந்து திருப்பினால் வெற்று வண்டியே எளிதிற் கவிழும்.

ஓடும்போது கவைகள் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். சுமையோடு சரிவில் செல்லுகையில் சுமை மேட்டுப்பக்கமே இருத்தல் வேண்டும். எனவே இறங்கும்போது பின்னோக்கி ஓட்ட வேண்டும். சரிவில் திருப்பலாகாது.

வண்டி சாயும் கணத்தில் வெளியே குதிக்கத் தோன்றுவது மனித இயல்பு. குதித்தவர்மீதே தலைக்கு மேலுள்ள காப்புச் சட்டம் விழுகிறது. ஆகவே அமர்ந்து ஓட்டும் வண்டியில் இருக்கை வாரை அணிந்தபடியே திருப்புசக்கரத்தை இறுகப் பற்றி, கால்களை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்புறமாக உடலைச் சாய்க்குமாறு பயிற்றுகின்றனர். பின்புறம் திறந்த, நின்று ஓட்டும் வண்டியிலோ பின்னோக்கி இறங்கி விலகவேண்டும். ஒரு வகையில் தேர்ந்தவரும் மற்றொரு வகைக்கு மாறும்போது மீண்டும் பயிலவேண்டியிருப்பது இதனாலேயே.