அட்லாண்டிக்கைக் கடந்த பொம்மை விமானம்!

2003-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி. மாலை ஏழே முக்கால் மணி இருக்கும். கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து தீவிலே, கேப் ஸ்பியர் என்னும் பாறை முனையில் ஒரு சிறு கூட்டம் கூடியிருந்தது. வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி அது. அதற்கு அப்பால் நிலம் கிடையாது. அட்லாண்டிக் மகா சமுத்திரம்தான்.

கூட்டத்தின் நடுவே 77 வயதுக் கிழவர் ஒருவர். அவர் கையிலே ஒரு விமானம்! ஆம், கையிலேதான். ஆறடி இறக்கை, எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. அதன் மூக்கிலே ஒரு சின்னஞ்சிறு எஞ்சின் வண்டு போல ரீங்காரமிட்டது. கிழவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கடலை நோக்கி வீசினார்.

அது போய்ச் சேர வேண்டிய ஊர் எது தெரியுமா? அயர்லாந்து! ஏறக்குறைய 1,900 மைல் தூரம். விமானத்திலே ஆள் இல்லை. வழியிலே இறங்க இடம் இல்லை. ஊற்றியிருந்த எரிபொருளோ ஒரு காலன்கூட இல்லை.

கையை விட்டுப் போன விமானத்தைக் கண்ணால் தொடர அந்தக் கிழவருக்கு வழியில்லை. ஏனென்றால், அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. காதும் மந்தம். ஆனால் அந்த விமானத்தைக் கட்டியவர் அவரேதான்!

அவர் பெயர் மேனார்ட் ஹில். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்திலே உலோக நிபுணராக வேலை பார்த்தவர். சிறு வயதிலே பிடித்த மாதிரி விமானப் பித்து அவரைக் கடைசிவரை விடவில்லை. உயரம், தூரம், நேரம் என்று பல பிரிவுகளிலே உலக சாதனைகள் பல செய்தார். 1970-ம் ஆண்டிலே அவருடைய மாதிரி விமானம் ஒன்று சுமார் 27,000 அடி உயரத்துக்குப் போய் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அத்தனையும் செய்து முடித்த பிறகும் ஓர் ஆசை பாக்கி இருந்தது. பொம்மை விமானம் ஒன்று அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்!

பெட்டிக்குள்ளே ஒரு விமானம்

மேல் நாடுகளிலே மாதிரி விமானம் கட்டுவது சிறுவர் விளையாட்டு மட்டும் அல்ல, பெரியவர்களின் பைத்தியமும்கூட. கடையிலே அட்டைப் பெட்டியாக வாங்கி வருவார்கள். பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது! மெல்லிய மரத் தகடுகள், குச்சிகள், வளைத்த கம்பிகள், மேஜை நிறைய விரிக்கும்படியான ஒரு வரைபடம், இவ்வளவுதான் இருக்கும்.

வரைபடத்தைப் பலகைமேல் விரித்து, அதன் கோடுகள் மீதே குச்சிகளை வைத்துக் குண்டூசியால் நிறுத்த வேண்டும். இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக நட்டுப் பசை இட வேண்டும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் இழைக்க வேண்டும். கடைசியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், அது சுருங்கி மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும்.

மரம் என்றால் எந்த மரமும் ஆகாது. பால்சா என்னும் மரம் இதற்கென்றே பிறந்தது போலிருக்கிறது. தென் அமெரிக்காவிலே, முக்கியமாக ஈக்வடார் நாட்டிலே விளைவது. தக்கையைப் போல லேசு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனாலும் எடைக்கு ஏற்ற உறுதி அதற்கு உண்டு.

இப்படிக் கட்டிய விமானத்தை ஓட்டுவது ரேடியோ. தரையிலே நிற்பவர் கையில் ஒரு பெட்டி. அதிலுள்ள குச்சியை அசைத்தால், விமானத்துக்குள் இருக்கும் சிறு மோட்டார்கள் சுக்கானையும் வால் தட்டையும் அசைக்கும். 1937-ம் ஆண்டிலேயே வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்னும் விமானத்தை அமெரிக்காவிலே இப்படிப் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் இப்போது ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தது.

குந்துமணி எடையும் குற்றம்!

மாதிரி விமானக்காரர்களின் ஜன்ம சத்துரு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் எடை.

நிஜ விமானம் ஒன்றை அச்சு அசலாக ஆறில் ஒரு பங்கு அளவிலே செய்வதாக வைத்துக்கொள்வோம். நீளம் ஆறில் ஒன்று ஆகும். இறக்கையின் பரப்போ 36-ல் ஒன்றாகக் குறைந்துவிடும். எல்லாம் அதே விகிதத்தில் சுருங்கினால் எடை 216-ல் ஒன்றாகும். அப்போது கவலை இல்லை. ஆனால் எஞ்சினும் பாட்டரியும் ரேடியோவும் இந்தக் கணக்குக்கு மசிகிறவை அல்ல! ஆகவே மரத்திலே மிச்சம் பிடிக்க வேண்டும். பசையிலே மிச்சம் பிடிக்க வேண்டும். பூசும் வர்ணத்திலே கூட மிச்சம் பிடிக்க வேண்டும்.

ஹில் கட்டியது எந்த நிஜ விமானத்தின் அச்சும் அல்ல. நீண்ட தூரம் பறப்பது ஒன்றையே நோக்கமாகக் கொண்டு அவரே வகுத்த உருவம் அது. இருந்தும் எடை என்னும் சத்துரு அவரை இன்னும் பலமாகப் பிடித்துக்கொண்டது. காரணம், சர்வதேச விதி. மாதிரி விமானம் என்ற பெயரில் சாதனை பதிவாக வேண்டுமானால், எரிபொருள் உட்பட மொத்த எடை ஐந்து கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? விமானத்திலே ஒரு கிராம் குறைந்தால், ஒரு கிராம் எரிபொருள் கூடுதலாக ஊற்றலாம். ஒரு கிராம் எரிபொருள் கூடினால் கடலிலே இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். மரத்தை இழைத்து இழைத்து மைல்களைச் சேர்த்தார் ஹில்! கடைசியிலே, புறப்படும்போது விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி எரிபொருளாகவே இருந்தது.

எஞ்சினின் பசி

ஆனால் எடையைக் குறைத்தால் மட்டும் போதுமா? எஞ்சினின் பசியையும் அல்லவா அடக்க வேண்டும்!

மாதிரி விமான எஞ்சினுக்கு வழக்கமாக ஊற்றுவது மெத்தனால் என்னும் சாராய வகை. அதோடு மசகுக்காக நம் விளக்கெண்ணெயைக் கலப்பதும் உண்டு! அந்த எஞ்சினுக்குப் பொறி வேண்டியதில்லை. பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள் ஒன்று உள்ளே தணலாக ஜொலித்துத் தீ மூட்டும். செலவு குறைவு, வேலை சுலபம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கால் மணி நேரம் பறக்க அது போதும். ஆனால் ஒரு ராத்தல் பெட்ரோல் தரும் உஷ்ணத்தில் பாதியைக் கூட ஒரு ராத்தல் மெத்தனால் தராது. அதை நம்பிக் கடலிலே இறங்கினால் பாதி வழி போகுமுன் முழுக வேண்டியதுதான்.

ஹில் என்ன செய்தார்? கடையிலே விற்கும் ஜப்பானிய எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் கொள்ளளவு 10 கன சென்டிமீட்டர். அதாவது இரண்டு தேக்கரண்டி! அதிலே தணல் சுருளை எடுத்துவிட்டு, மோட்டார் காருக்கு இருப்பது போல ஸ்பார்க் பிளக் வைத்தார். எரிபொருளாக எதை ஊற்றினார் தெரியுமா? அமெரிக்காவிலே காட்டில் முகாம் போடுகிறவர்கள் விளக்குக்கு ஊற்றும் வெள்ளைப் பெட்ரோலை! நம் பெட்ரோமாக்ஸ் போலவே காற்றடித்து மேண்டில் எரிகிற விளக்கு அது. அந்தப் பெட்ரோலிலே சாயம் இல்லை, வேறு சரக்குக் கலப்பு இல்லை. எரிந்த பிறகு கரி அதிகம் படியாது. இரண்டு பகல், இரண்டு இரவு என்று நிற்காமல் ஓட வேண்டிய எஞ்சினுக்கு அதுவே உயிர்நாடி.

இந்த எஞ்சினைச் சோதனை மேஜையிலே மணிக்கணக்காக ஓடவிட்டு, கார்புரேட்டரை இறுக்கி இறுக்கிச் செலவைக் குறைத்தார்கள். முடிவிலே மணிக்கு 100 மில்லி லிட்டர் கூட அது குடிக்கவில்லை. ஒரு டம்ளர் காப்பியைவிடக் குறைவு!

விரல்களே கண்கள்

இத்தனைக்கும் நடுவே ஹில்லின் கண்கள் மங்கிக்கொண்டே வந்தன. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய் அவரைப் பிடித்திருந்தது. வரைபடத்தின் கோடு தெரியாத நிலை. மற்றவராக இருந்தால் கருவிகளைப் பெட்டியிலே போட்டு மூடியிருப்பார். ஹில்லோ விரல்களால் தடவித் தடவி மரத்தின் கனத்தையும் வளைவையும் அறிந்தார். பல ஆண்டுப் பழக்கம் விரல் நுனியிலே ஏறியிருந்தது.

பார்வை வேண்டிய வேலைகளுக்கு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் மின்சார நுணுக்கம் அறிந்தவர்; ஒருவர் கம்ப்யூட்டர் அறிந்தவர்; ஒருவர் விமானம் ஓட்டுவதில் கை தேர்ந்தவர். மேரிலாந்திலே ஒரு பண்ணை நிலத்தில் ஒத்திகை நடந்தது. நன்றி மறவாமல், விமானத்துக்கு 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்' என்று அந்தப் பண்ணையின் பெயரையே வைத்தார்கள்.

முதல் வீச்சிலே வெற்றி கிட்டிவிடவில்லை. 2002-ம் ஆண்டு ஆகஸ்டு மாதமும் இதே முனைக்கு வந்தார்கள். விமானங்களை வீசினார்கள். ஒன்றாவது அயர்லாந்தைப் பார்க்க வேண்டுமே! கடல் விழுங்கிவிட்டது. மாதக்கணக்கான உழைப்பு நொடியில் போனது. திரும்பிப் போய் மறுபடியும் மரத்தை எடுத்து இழைக்க உட்கார்ந்தார் கிழவர்.

வரிசையிலே ஐந்தாவது விமானம்தான், 2003 ஆகஸ்டு 9-ந் தேதி அவர் கையை விட்டுப் புறப்பட்டது.

கேட்கலாம், கட்டளையிட முடியாது

கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் நண்பர் ஒருவர் ரேடியோவால் ஓட்டினார். பிறகு விமானத்துக்குள் இருந்த தானியங்கிக் கருவியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். செயற்கைச் சந்திரன்களிடமிருந்து தன் இருப்பிடத்தை அறிந்துகொண்டு, கடலுக்கு மேலே சுமார் ஆயிரம் அடி உயரத்தில் அது தன்பாட்டுக்குப் பறந்தது. மேல் காற்று முதுகைத் தள்ளியது.

தான் இருக்கும் இடத்தை அவ்வப்போது அது செய்தியாக அனுப்பும். தரையில் இருப்பவர்கள் அதைக் கேட்கலாமே தவிர, 'இப்படித் திரும்பு' என்று கட்டளையிட முடியாது! ஒரு கட்டத்திலே சில மணி நேரம் செய்தியே வரவில்லை. கடலில் விழுந்ததோ என்று கலங்கினார்கள். பிறகு மறுபடியும் செய்தி வந்தது. விமானம் சரியான பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது!

ஆகஸ்டு 11-ந் தேதி பிற்பகல். அயர்லாந்தின் மேற்குக் கரையிலே கிளிப்டன் ஊருக்கு அருகே, மானின் என்ற கடற்கரையில் டேவ் பிரவுன் காத்திருந்தார். அவர் அமெரிக்க மாதிரி விமானக் கழகத்தின் தலைவராக இருந்தவர். மேற்கே வானத்திலே ஒரு புள்ளி தெரிந்தது. ரேடியோவை எடுத்து விமானத்தைத் தம் வசமாக்கி, இரண்டு மணி அடித்துச் சில நிமிஷத்தில் பதமாகத் தரை இறக்கினார். மொத்தம் 38 மணி 52 நிமிஷப் பயணம்! தொட்டியிலே மிச்சம் இருந்தது சுமார் ஒன்றரை அவுன்ஸ் பெட்ரோல். இன்னும் அரை மணி நேரத்துக்கு அது காணும், அவ்வளவுதான்! இழைத்து எடுத்த மரத்தூள் வீண் போகவில்லை.

அந்த இடத்துக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. 1919-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் இதே நியூபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, முதன் முதலாக அட்லாண்டிக்கை நில்லாமல் தாண்டி வந்து இறங்கியதும் இதே கிளிப்டன் அருகேதான். அவர்கள் விமானத்தின் இறக்கை 68 அடி. ஊற்றியது எண்ணூறு காலனுக்கு மேல். அதுவோ சதுப்பு நிலத்திலே மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது! அன்று வந்தவரும் ஒரு பிரவுன். 2003-ல் வரவேற்றவரும் ஒரு பிரவுன்.

ஹில் அப்போது கடலுக்கு இந்தப் பக்கம், நியூபவுண்ட்லாந்திலே டெலிபோனும் கையுமாக இருந்தார். விமானம் தரை தொட்டது என்ற செய்தி காதிலே விழுந்ததும் மனைவியைத் தழுவிக்கொண்டு குழந்தையைப் போல அழுதார். தூரம், நேரம் இரண்டிலும் அது உலக சாதனையாகப் பதிவாயிற்று. ஹில் 2011-ம் ஆண்டு தமது 85-வது வயதில் காலமானார்.

தாம் கட்டிய விமானம் அயர்லாந்தில் இறங்கியதை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் அதன் ஒவ்வொரு குச்சியும் எவ்வளவு கனம் என்பது அந்தப் பத்து விரல்களுக்குத் தெரியும்!