அழகிய வீட்டின் பூட்டிய அறை

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் பெரிஸ் என்றொரு நகரம் உண்டு. அங்கே பொறியியலாளர் ஒருவர் தம் மனைவியுடனும் 13 பிள்ளைகளுடனும் வாழ்ந்து வந்தார். டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவில் ஒரே விதமான சட்டையணிந்து பிள்ளைகள் நிற்கும் படங்களைக் கண்டோர், கொடுத்து வைத்த குடும்பம் என்றே எண்ணியிருப்பர்.

2018ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அவ்வீட்டின் 17 வயது மகள் சன்னல் வழியே தப்பி, சேவை துண்டிக்கப்பட்ட கைத்தொலைபேசி ஒன்றினால் அவசர எண்ணை அழைத்தாள். இரண்டு ஆண்டுகளாகத் திட்டமிட்ட செயல் அது. காவலர் சென்று பார்த்தபோது சங்கிலியாற் பிணைக்கப்பட்ட பிள்ளைகளைக் கண்டனர். 29 வயதான மூத்த பிள்ளையின் எடை சுமார் 37 கிலோ மட்டுமே. வீட்டில் விளையாட்டுப் பொருள்கள் இருந்தன; உறை பிரிக்கப்படாமலே இருந்தன! பெற்றோர் 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 25 ஆண்டு முதல் ஆயுள் வரையிலான சிறைத் தண்டனை பெற்றனர்.

இத்தனையும் எவ்வாறு மறைந்திருந்தது? தந்தை தம் வீட்டையே தனியார் பள்ளியாகப் பதிந்திருந்தார். ஆதலின் பிள்ளைகளைத் தேடி வர வேறு ஆசிரியர் எவரும் இல்லை. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு என்பது அவ்வீட்டின் வழக்கம். அயலார் சிலர் பிள்ளைகளின் வெளிறிய முகத்தைக் கண்டதுண்டு. ஆயினும் பிறர் வீட்டு விவகாரம் நமக்கேன் என்று இருந்துவிட்டனர். பூட்டைவிட இந்த மௌனமே வலிமையுடையது என்பது நம் கருத்து.

நம் தோட்ட லயங்களில் ஒரு வீட்டில் இருமினால் மறு வீட்டில் கேட்கும். இங்கே ஒளிக்க இயலுமா என வாசகர்கள் வினவலாம். மனநோயுற்ற தங்கையைப் பின்னறையில் பூட்டிவிட்டு, 'ஊருக்குப் போயிருக்கிறாள்' என்பதும், மருமகளின் அடையாள அட்டையைப் பறித்து வைத்துக்கொண்டு வாசற்படி தாண்டவிடாததும் ஒளித்தல் அன்றி வேறென்ன? முன்னதில் கொடுமையைக் காட்டிலும் வெட்கமே மிகுதி. மனநோய்க்கு அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை உண்டு என்பதை அக்குடும்பத்தாருக்கு எவரேனும் எடுத்துரைத்தாலே பாதிப் பூட்டுத் திறந்துவிடும்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதை மட்டும் குற்றமெனக் கூறவில்லை. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக அடைத்து வைத்தலும் அதன்படி குடும்ப வன்முறையே. கணவன், மனைவி, பிள்ளை, உடலாலோ மனத்தாலோ இயலாத பெரியவர், பிற உறவினர் யாவரும் அதன் பாதுகாப்பில் அடங்குவர். 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அடி உதைக்கோ அதற்கான மிரட்டலுக்கோ ஆளானவருக்குச் சமூக நல அதிகாரியே 7 நாட்களுக்குச் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கலாம்; அதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. சிறுவர்களுக்கு 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தனியே உண்டு.

பாதிக்கப்பட்டவரே வந்து முறையிட வேண்டுமென்பதில்லை. பூட்டியிருப்பவர் எங்ஙனம் வருவார்? ஐயுற்ற அண்டை வீட்டாரும் 'தாலியான் காசே' 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தெனில் 999. வீட்டு எண்ணையும் தோட்டத்தின் பெயரையும் தெளிவாகக் கூறினால் போதும். உள்ளே நடப்பதை மெய்ப்பிப்பது அதிகாரிகளின் வேலை.